தன் கையே தனக்குதவியா?

('அமெரிக்க உழவன் ஒருவனின் கடிதங்கள்': ஒரு திறனாய்வு)

உழவனைப் புகழாத நாடு இல்லை. வள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். உரோமாபுரிப் புலவர் வர்ஜில் உழவையே பொருளாகக் கொண்டு நெடும்பாட்டு இயற்றினார். ஆலைகள் எழுந்து நகரங்கள் வளர்ந்த பின்னரும் ஏரைப் பற்றிய புகழுரை ஓயவில்லை. அப்புகழ் தக்கதே. ஆனால், புகழ்வோர் யாரைப் புகழ்கின்றனர்? ஏருக்கு உரியவனையா, ஏரைப் பிடித்தவனையா? நிலத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவனையா, அந்நிலத்திலே முதுகு வளைத்தவனையா? இந்த வினாவைக் கையிலே கொண்டு ஒரு நூலைத் திறந்து பார்ப்போம்.

நூலின் பெயர் 'அமெரிக்க உழவன் ஒருவனின் கடிதங்கள்'. 1782ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. எழுதியவர் கிரெவ்கூர். 1735இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலே பிறந்தவர். கனடாவில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். பின்னர், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நியூயார்க் குடியேற்றநாட்டிலே தங்கி, மணம் புரிந்து, நிலம் வாங்கி உழுதவர். ஆகவே மண்ணறியாமல் மண்ணைப் பாடியவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. நூலிலே பேசுபவன் ஜேம்ஸ் என்னும் கற்பனை உழவன். பென்சில்வேனியாவில் வாழும் அவன், இங்கிலாந்து நண்பர் ஒருவருக்குப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதுகிறான்.

இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேல் கடந்த ஏட்டை இன்று ஏன் புரட்ட வேண்டும் எனத் தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 'நிலம் என்னுடையது, வியர்வை என்னுடையது, ஆகவே செல்வமும் என்னுடையது; எவருக்கும் நான் கடன்பட்டவனல்லன்' என்று மார்தட்டும் ஒரு மனிதனை இந்நூல் உலகுக்கு அளித்தது. அம்மனிதன் இன்னும் மேடைகளில் உலவுகிறான். உழைத்தவன் உயர்ந்தான் என்று தொடங்குகிறவர்கள், உயராதவன் உழைக்காதவன் என்று முடிக்கிறார்கள். அந்த முடிவுக்குச் சான்றாகக் காட்டப்படும் உழவனின் கணக்கை ஒருமுறை தணிக்கை செய்வது பகுத்தறிவாளர் கடமை.

ஜேம்ஸ் காட்டும் பண்ணை

ஜேம்சின் தந்தை அவனுக்கு விட்டுச் சென்றது 371 ஏக்கர். அதில் 47 ஏக்கர் நல்ல புல்வெளி. பழத்தோட்டம் உண்டு, வீடு உண்டு, உறுதியான தானியக் கொட்டகையும் உண்டு. ஆண்டுதோறும் அவன் வீட்டிலே 1500 முதல் 2000 இராத்தல் பன்றி இறைச்சியும், 1200 இராத்தல் மாட்டிறைச்சியும் கிடைக்கின்றன. அறுவடைக் காலத்திற்கென ஆறு கிடாக்கள். கோழிகளுக்குக் குறைவில்லை. இந்த மண் எமக்கு உணவு தருகிறது, உடை தருகிறது, பானமும் தேனும் இங்கிருந்தே பெறுகிறோம் என்று பூரிக்கிறான். கரடாய்க் கிடந்த நிலத்தைத் தந்தை பண்படுத்தினார், அதற்கு ஈடாக அந்நிலம் எங்கள் உரிமைகளையெல்லாம் நிலைநாட்டியது என்கிறான்.

அழகான காட்சி ஒன்றும் தீட்டுகிறான். ஏர்க்காலிலே சிறு நாற்காலியைப் பொருத்தி, அதில் தன் சிறுமகனை அமர்த்தி உழுகிறான். குழந்தை களிக்கிறது. தந்தை உழுத நிலத்தில் தானும் உழுவதையும், தன் மகன் நாளை உழப்போவதையும் எண்ணி உள்ளம் நெகிழ்கிறான். மனைவி பின்னல் வேலையோடு வந்து மரநிழலில் அமர்ந்து, அவன் போட்ட சால் எவ்வளவு நேராக இருக்கிறது எனப் பாராட்டுகிறாள்.

மன்னனுக்கும் மதகுருவுக்கும் நிலப்பிரபுவுக்கும் தலைவணங்கியே கூனிப்போன ஐரோப்பிய ஏழைக்கு இக்காட்சி எத்தகைய விருந்தாக இருந்திருக்கும்! அதை நாம் மறுக்கவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசிய உலகிலே, சொந்த நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் குடியானவனைக் கதைத்தலைவனாக்கியது கிரெவ்கூரின் பெருமை. உழவனைக் கோமாளியாகவோ கொத்தடிமையாகவோ காட்டிப் பழகிய ஏடுகளுக்கிடையே, சிந்திக்கும் உழவனை அவர் பேசவைத்தார். இப்பெருமையை ஒப்புக்கொண்ட பிறகே நம் வினாக்களைத் தொடுக்கிறோம்.

நிலம் எவ்வாறு தாங்கிற்று?

அமெரிக்காவின் வடபகுதிக் குடியேற்றநாடுகளில் வாழ்ந்த உழவர் குடும்பம் தன் நிலத்தை எவ்வாறு பயன்படுத்தியது? நூறு ஏக்கர் இருந்தால் நூறு ஏக்கரையும் உழுதார்கள் என நினைப்பது தவறு. உழவுக்கு உட்பட்டது சிறு பகுதியே. அதில் கோதுமை, மக்காச்சோளம், ரை, ஓட்ஸ் விளைந்தன. ஒரு துண்டில் ஆளிச்செடி விளைந்தது. அதன் நாரிலிருந்தே வீட்டுத் துணி. வீட்டை ஒட்டிக் காய்கறித் தோட்டம். அப்பால் ஆப்பிள் மரங்கள். பழத்தின் பெரும்பகுதி 'சைடர்' என்னும் பானமாகப் பீப்பாய்களில் இறங்கியது. புல்வெளியில் அறுத்து உலர்த்திய புல் குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்குத் தீனி. எஞ்சிய பெரும்பரப்பு மேய்ச்சல் நிலமும் காடும்.

காடு வீணாகக் கிடந்த நிலமன்று. வேலிக்கும் வீட்டுக்கும் ஏருக்கும் பீப்பாய்க்கும் மரம் அங்கிருந்தே வந்தது. பன்றிகள் அங்கேயே மேய்ந்து கொழுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, விறகு! நியூ இங்கிலாந்துச் சூழலின் வரலாற்றை 1983இல் எழுதிய வில்லியம் குரோனன், ஒரு குடும்பம் ஆண்டொன்றுக்கு எரித்த விறகை அடுக்கினால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 300 அடி நீளம் வரை வரும் என்று கணக்கிடுகிறார். அதற்கு ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை ஆண்டுதோறும் வெட்டவேண்டும். பனி பொழியும் நாட்டிலே அடுப்பும் ஒரு வயலைத் தின்றது!

எருவிடும் வழக்கம் குறைவு. கால்நடைகள் காட்டிலே திரிந்ததால் சாணமும் அங்கேயே சிதறியது. காட்டை வெட்டுவார்கள், சில ஆண்டுகள் விளைப்பார்கள், மண் சோர்ந்ததும் அதைத் தரிசாக விட்டு அடுத்த துண்டை வெட்டுவார்கள். 1748 முதல் 1751 வரை அங்கே பயணம் செய்த சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் பீட்டர் கால்ம் இந்த அசட்டையைக் கண்டு வருந்தி எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் நன்றியோடு போற்றும் மண், உண்மையில் பல இடங்களில் சுரண்டப்பட்ட மண்.

மரநிழலில் அமர்ந்தவள்

இனி, அந்த மரநிழலுக்குத் திரும்புவோம். ஜேம்ஸ் தன் மனைவியை அங்கே அமர்த்தியிருப்பது அவள் ஓய்வாக இருப்பதுபோல் தோன்றச் செய்கிறது. ஆனால் அவள் கையில் இருப்பது என்ன? பின்னல் ஊசி! நிழலில் உட்கார்ந்த வேளையிலும் குடும்பத்துக்குக் காலுறையோ வேறு உடையோ அவள் கையிலே வளர்ந்துகொண்டிருக்கிறது. சால் நேராக இருப்பதைப் பாராட்ட அவள் இருக்கிறாள். அவள் பின்னல் நேராக இருப்பதைப் பாராட்ட நூலிலே எவர் இருக்கிறார்?

2000 இராத்தல் பன்றியை வெட்டியதாக ஜேம்ஸ் எழுதுகிறான். வெட்டியதோடு உணவு வந்துவிடுமா? குளிர் தொடங்கும் பருவத்தில் வெட்டிய இறைச்சியை உப்புக்கண்டம் போட்டு, புகையூட்டி, அடுத்த கோடைவரை கெடாமல் காத்தவள் யார்? பாலைக் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாற்கட்டி செய்தவள் யார்? கொழுப்பை உருக்கி மெழுகுத்திரி வார்த்தவள் யார்? சாம்பலைக் கரைத்து வடித்துச் சவர்க்காரம் காய்ச்சியவள் யார்? ஆளிச்செடியை ஊறவைத்து, அடித்து, சீவி, நாராக்கும் வேலையில் வீடே ஈடுபட்டது. ஆனால் அந்த நாரை இரவெல்லாம் இராட்டையில் நூற்றவை தாயின் கையும் மகளின் கையுமே. நிலம் விளைத்தது மூலப்பொருள். அதைச் சோறாகவும் துணியாகவும் விளக்காகவும் மாற்றியது பெண்ணின் உழைப்பு. மண் எமக்கு உடை தருகிறது என்கிறான் ஜேம்ஸ். மண் எந்நாளும் சட்டை தைத்ததில்லை!

இவ்வளவு உழைத்தவளுக்கு நிலத்திலே உரிமை என்ன? ஆங்கிலப் பொதுச்சட்டப்படி, மணமானதும் மனைவியின் ஊதியமும் கையிருப்பும் கணவனைச் சேர்ந்தன. கணவன் இறந்தால், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. நியூ இங்கிலாந்து உழவர்களின் உயில்களைப் படிப்பவர் நெஞ்சு கனக்கும். கைம்பெண்ணுக்கு வீட்டிலே இன்ன அறை, நிலவறையில் இவ்வளவு இடம், கிணற்றுக்குப் போக வழி, மகன் ஆண்டுதோறும் அளக்கவேண்டிய தானியம், ஒரு பசு என்று எழுதிவைத்தார்கள். நாற்பதாண்டு தான் ஆண்ட வீட்டில், கிணற்றுக்குப் போகும் வழியைக் கணவன் எழுதித் தரவேண்டியிருந்தது! லாரல் தாட்சர் உல்ரிக் என்னும் வரலாற்றாசிரியர் 1982இல் வெளியிட்ட 'குட் வைவ்ஸ்' என்ற நூல், இத்தகைய பெண்களின் வாழ்வைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டுத் தருகிறது. கணவன் இல்லாத வேளையில் அவன் இடத்தில் நின்று பண்ணையையும் வணிகத்தையும் நடத்தினார்கள் அவர்கள். ஜேம்சின் கடிதத்தில் அவள் வெறும் 'என் மனைவி'.

அண்டை வீட்டாரின் கை

தன்னிறைவு என்ற சொல்லையும் உரசிப் பார்க்கவேண்டும். நூலே அதற்குக் கல்லாகிறது. மூன்றாம் கடிதத்தில் ஆண்ட்ரூ என்னும் ஏழை, ஸ்காட்லாந்தின் தீவு ஒன்றிலிருந்து வருகிறான். நூறு ஏக்கர் குத்தகைக்குக் கிடைக்கிறது. அவனுக்கு வீடு எழுப்ப நாற்பது பேர் அளவில் அண்டை அயலார் திரண்டு வருகிறார்கள். பாட்டும் சிரிப்புமாக மரம் வெட்டி, நிலம் திருத்தி, வீட்டை நிறுத்துகிறார்கள். ஆண்ட்ரூ முன்னேறியது உழைப்பால் என்று ஜேம்ஸ் முடிக்கிறான். மெய்தான், ஆனால் அதில் நாற்பது பேர் உழைப்பும் அடக்கம்!

ஆவணங்களும் இதையே சொல்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1771இல் வரிக்காக எடுத்த சொத்துக் கணக்கை ஆராய்ந்து, பெட்டி ஹாப்ஸ் புரூயிட் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலானவை தன்னிறைவு பெற்றவையல்ல என்பது அவர் முடிவு. ஒருவரிடம் மிகுந்தது மற்றவரிடம் குறைந்தது. எருது, மேய்ச்சல், தானியம், ஆள் எல்லாம் வீட்டுக்கு வீடு கைமாறின. இறந்தோரின் உடைமைப் பட்டியல்களில் இராட்டை இருக்கும் வீடு பல. தறி இருக்கும் வீடு சில. ஒரு வீட்டில் நூற்ற நூலை இன்னொரு வீட்டார் நெய்தனர். காசு அரிதான ஊரிலே, எருதை இரவல் கொடுத்த நாளும் அறுவடைக்கு வந்த நாளும் கணக்கேட்டில் ஷில்லிங்காகப் பதிவாகி, பல ஆண்டுகள் கழித்து நேர் செய்யப்பட்டன. 'தன் கையே தனக்குதவி' என்பது பழமொழி. அந்த ஊர்களின் கணக்கேடோ, பிறர் கை உதவியாக இருந்ததற்குப் பக்கம் பக்கமாகச் சான்று கூறுகிறது.

உப்பும் இரும்பும் சர்க்கரைப்பாகும் வெளியிலிருந்தே வந்தன. அவற்றை வாங்க எதை விற்றனர்? பென்சில்வேனியா உழவரின் கோதுமை மாவாகிப் பிலடெல்பியாத் துறைமுகம் வழியாக மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்துக்கொண்டிருந்தனர். அத்தோட்டங்களுக்கு மாவும் உப்பிட்ட இறைச்சியும் போயின. சர்க்கரையும் ரம்மும் திரும்பின. ஒதுங்கிய பள்ளத்தாக்கில் உழுத 'சுதந்தர உழவனின்' சால், கடல் கடந்து அடிமைத் தோட்டத்தின் வாயிலில் போய் முடிந்தது.

கண்ணீரும் உடைமையும்

அவ்வளவு தொலைவு போகவேண்டியதும் இல்லை. பன்றி இறைச்சிக் கணக்கு சொன்ன அதே இடத்தில், ஜேம்ஸ் மற்றொன்றும் சொல்கிறான்: தன் நீக்ரோக்கள் ஓரளவு உண்மையானவர்கள், உடல்நலத்தோடு இருக்கிறார்கள் என்று! மாடு, கோழி, கிடா, அடுத்து மனிதர்! தோழர்களே, இந்த ஒரு வரியைத் தாண்டி எத்தனை பேர் கண்ணயர்ந்து போயிருக்கிறார்கள்! தன் உழைப்பால் வாழ்வதாகச் சொல்பவன், பிறர் உழைப்பை உடைமையாக வைத்திருக்கிறான்.

ஒன்பதாம் கடிதம் நூலின் சிகரம். தென்கரோலினாவின் சார்லஸ்டன் பகுதியில், மேற்பார்வையாளனைக் கொன்ற ஓர் அடிமையைக் கூண்டிலடைத்து மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பறவைகள் அவன் கண்களைக் கொத்தித் தின்றுவிட்டன. அவன் தண்ணீர் கேட்கிறான். நஞ்சு இருந்தால் அதையும் கலந்து தரச் சொல்கிறான். ஜேம்ஸ் நடுங்குகிறான், தண்ணீர் தருகிறான். படிப்பவர் கை நடுங்கும் எழுத்து அது. ஆனால் பிறகு? விருந்துக்கு அழைத்த தோட்ட முதலாளியின் வீட்டுக்கே போய்ச் சேருகிறான். வடபகுதியில் எங்கள் அடிமைகள் நன்றாக உண்டு உடுத்து வாழ்கிறார்கள் என்று அதே கடிதத்தில் ஆறுதலும் கூறிக்கொள்கிறான். அடிமைத்தனத்திலே நல்ல அடிமைத்தனம், கெட்ட அடிமைத்தனம் என இரண்டு உண்டோ? பென்சில்வேனியா 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. கிரெவ்கூர் உழுத நியூயார்க்கில் அத்தகைய சட்டம் 1799இல் வந்தது. 1827இல்தான் அடிமை முறை அங்கே முடிவுற்றது. கண்ணீர் வடிக்கத் தெரிந்த எழுத்தாளன் கணக்கு முடிக்கத் தவறினான் என்பதே நம் குற்றச்சாட்டு.

கரடான நிலம் யாருடையது?

கரடாய்க் கிடந்த மண் என்கிறான் ஜேம்ஸ். கிடந்ததா? பழங்குடியினர் அந்த மண்ணிலே வாழ்ந்தனர். மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் ஒன்றாக விளைத்தனர். குடியேறியவர்களின் முக்கிய உணவாகிய மக்காச்சோளமே அவர்கள் கொடுத்தது. 1620இல் பிளிமத் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் குடியேறினர். கொள்ளை நோயால் மாண்டுபோன பட்டுக்செட் மக்களின் ஊர் அது. திருத்திய வயல்கள் அங்கே காத்திருந்தன. அவ்வூரின் மகனான டிஸ்குவாண்டம் என்பவரே, 1621இல் மீனை எருவாக இட்டுச் சோளம் நடும் முறையை வந்தவர்களுக்குக் கற்பித்தார். வேளாண்மை கற்பித்தவன் காட்டுமிராண்டி, கற்றுக்கொண்டவன் நாகரிகன்! விந்தையான வரலாறு!

ஜேம்சின் பென்சில்வேனியாவில் நடந்தது இன்னும் கொடிது. ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கும் தொலைவு வரையுள்ள நிலத்தைத் தருவதாக லெனாபே மக்களின் முன்னோர் ஒப்பினர் எனக் கூறும் பழைய பத்திரம் ஒன்றை ஆட்சியாளர் நீட்டினர். 1737இல் விரைந்து செல்ல வல்ல மூவரைக் கூலிக்கு அமர்த்தி, முன்கூட்டியே பாதை வெட்டி அனுப்பினர். அவர்களில் ஒருவன் அறுபது மைலுக்கு மேல் கடந்தான். மலைகளும் ஆறுகளும் ஊர்களுமாக லெனாபேயரின் நாடு ஒரே நடையில் பறிபோயிற்று.

இதை உழவன் செய்யவில்லையே, ஆட்சியாளர் அல்லவா செய்தனர் என்று வாதிடலாம். ஆனால் அந்த உழவு முறைக்கே புது நிலம் தேவைப்பட்டது. மண் சோர்ந்தால் புதுக்காடு வேண்டும். ஆறேழு பிள்ளைகள் வளர்ந்தால் அவர்களுக்கும் பண்ணை வேண்டும். மாசசூசெட்சின் ஆண்டோவர் ஊரைப் பற்றிப் பிலிப் கிரெவன் 1970இல் எழுதிய 'நான்கு தலைமுறைகள்' என்னும் ஆய்வைப் படித்தால் இது விளங்கும். முதல் தலைமுறைக்கு நிலம் ஏராளம். பேரன் காலத்தில் பங்குகள் சுருங்கின. பின்வந்தோர் ஊரைவிட்டுப் பிற இடங்களை நாடினர். ஏர்க்காலில் அமர்ந்த குழந்தை வளர்ந்து பெரியவனானதும் அவனுக்கான ஏக்கர்கள் எங்கிருந்தோ வரவேண்டும். வந்த இடம் பழங்குடியினரின் நாடு.

கடைசிக் கடிதம்

ஜேம்ஸ் பேசுவதெல்லாம் கிரெவ்கூரின் கருத்தாகுமா எனக் கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. பன்னிரண்டாம் கடிதம் அதற்கு இடந்தருகிறது. விடுதலைப் போர் மூண்டுவிட்டது. இரு தரப்புக்கும் அஞ்சி ஜேம்ஸ் நடுங்குகிறான். பண்ணை காக்கவில்லை, பத்திரம் காக்கவில்லை. எங்கே ஓட எண்ணுகிறான்? பழங்குடியினரின் ஊருக்கு! எவர் நிலத்தில் 371 ஏக்கரை வேலியிட்டானோ, அவர் குடிலிலே மனைவி மக்களோடு புகலிடம் தேடுகிறான். முதற்கடிதங்களின் பெருமிதத்துக்குக் கடைசிக் கடிதமே மறுப்புரை.

ஆசிரியரின் வாழ்வும் அவ்வாறே ஆயிற்று. அவர் ஐரோப்பா சென்று 1783இல் திரும்பியபோது வீடு எரிந்து கிடந்தது, மனைவி இறந்துவிட்டார், குழந்தைகளைப் பிறர் எடுத்து வளர்த்தனர். அப்போதும் உதவியது அயலார் கைதான்.

ஆகவே, நூல் முழுவதும் படிப்பவனுக்கு உண்மையின் பெரும்பகுதி கிடைக்கிறது. பிழை பெரிதும் தொகுப்பாளர்களைச் சேர்ந்தது. 'அமெரிக்கன் என்பவன் யார்' என வினவும் மூன்றாம் கடிதத்தை மட்டும் கிள்ளியெடுத்துப் பாடநூல்களில் திரும்பத் திரும்பப் பதித்தனர். கூண்டும் குடிலும் மாணவன் கண்ணுக்கு எட்டவில்லை. பெருமிதம் பாடமாயிற்று, கணக்கு பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றது. பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நாம் இதைக் கண்டு வாளாவிருக்க முடியுமா?

நிலம் உழவர் குடும்பத்தைத் தாங்கியது உண்மை. ஆனால் நிலத்தைத் தாங்கியவர் பலர். இராட்டை சுழற்றிய பெண், கடன் எருது தந்த அண்டை வீட்டான், பெயரில்லாத அடிமை, விதை தந்து வெளியேற்றப்பட்ட பழங்குடி என அவர்கள் அனைவரும் வரவில் இருந்தனர். ஏட்டை எழுதியவன் ஒருவன் மட்டுமே பெயர் போட்டுக்கொண்டான்.

இளைஞர்களே! இந்நூலை ஒதுக்காதீர்கள், முழுவதும் படியுங்கள். கையிலே ஒரு பென்சிலோடு படியுங்கள். 'நான்' என்று ஜேம்ஸ் எழுதும் இடங்களிலெல்லாம் கோடிட்டு, அந்த வேலையை உண்மையில் எவர் செய்தார் என்று ஓரத்தில் எழுதுங்கள். பிறகு நம் ஊர்க் களத்துமேட்டைப் பாடும் கதைகளையும் பாட்டுகளையும் அதே பென்சிலோடு படியுங்கள். நாற்று நட்டவள் பெயர் வருகிறதா, களை பறித்தவள் கூலி வருகிறதா, கதிர் அறுத்தவனுக்குக் களத்தில் எந்த இடம் தரப்பட்டது என்று பாருங்கள். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று நம் பாட்டன் சொல்லி வைத்தான். கணக்குப் பார்க்கவேண்டிய வேளை வந்துவிட்டது. இலக்கியத் திறனாய்வும் அந்தக் கணக்கின் ஒரு பகுதியே.